வேலைக்குப் போய்க்கொண்டே குரூப் 4 படிப்பவர்கள்: உங்கள் வாரத் திட்டம் எப்படி?

கரூர்_கணக்கர் (இழையைத் தொடங்கியவர்)

எந்தப் புத்தகம் நல்லது, எந்த டெஸ்ட் பேட்சில் சேரலாம் என்று இங்கே தினமும் கேள்வி வருகிறது. வாரத்தில் எனக்கு எத்தனை மணி நேரம் கையில் இருக்கிறது என்று யாரும் கணக்குப் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான். அதைப் பற்றிப் பேசவே இந்த இழை.

நான் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். காலை 9 மணிக்குப் போனால் சாதாரண நாளில் 7 மணிக்கு வெளியே வரலாம். சனிக்கிழமை வாரக் கூலி பட்டுவாடா, அன்றைக்கு நேரம் நம் கையில் இல்லை. ஷிப்மென்ட் இருக்கும் வாரம் என்றால் வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். இந்த மாதிரி வேலையில் இருப்பவர் "தினமும் 6 மணி நேரம்" என்று அட்டவணை எழுதி சுவரில் ஒட்டினால், செவ்வாய்க்கிழமையே அது உடைந்துபோகும். உடைந்ததைத் தினமும் பார்த்துக்கொண்டு படிக்கவும் மனம் வராது.

மாதத் திட்டமும் சரிப்படாது, அது ரொம்பத் தூரம். குரூப் 4 நடத்தும் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் அறிவிப்பை நம்பித் தொடங்கலாம் என்றால், 2024-இல் ஜனவரி 30 அன்று அறிவிப்பு வந்து ஜூன் 9 தேர்வு. நான்கு மாதத்துக்கு மேல் கிடைத்தது. 2025-இல் ஏப்ரல் 25 அறிவிப்பு, ஜூலை 12 தேர்வு. 11 வாரம்தான். அடுத்த முறை எவ்வளவு கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் அறிவிப்பு வந்தாலும் வராவிட்டாலும் ஒரே மாதிரி ஓடக்கூடிய அளவு நமக்கு வேண்டும். வாரம் அந்த அளவுக்குச் சரியாக இருக்கிறது. எந்த வாரத்திலும் ஒரு ஞாயிறு உண்டு. புதன்கிழமை போனது போகட்டும் என்று விட்டுவிட்டு ஞாயிறன்று நிமிர்ந்துகொள்ளலாம்.

நான் செய்வது இதுதான். ஞாயிறு சாயங்காலம் ஒரு நோட்டில் ஒரு பக்கம், 20 நிமிடம், அதற்கு மேல் இல்லை. முதலில் தினசரி காலண்டரைப் பார்த்து வரும் வாரத்தில் ஏற்கெனவே போய்விட்ட நேரத்தை அடித்துவிடுகிறேன்: முகூர்த்த நாள், உறவு வீட்டு விசேஷம், கூலி நாள், கேஸ் சிலிண்டர் வரும் நாள், பிள்ளையின் பள்ளிக்கூடக் கூட்டம். அடித்தது போக மிஞ்சுவதுதான் என் நேரம். அதற்குள் என்ன அடங்குமோ அதை மட்டும் எழுதுகிறேன். ஆசைப்பட்டதை முதலில் எழுதிவிட்டு நேரத்தைத் தேடினால் வாரா வாரம் பாக்கிதான் ஏறும்.

எழுதும்போது "வரலாறு" என்று எழுதுவதில்லை, அது ஒரு பாடத்தின் பெயர். "9ஆம் வகுப்பு சமூக அறிவியல், வரலாறு முதல் இரண்டு பாடம், பாடப் பின்பயிற்சியோடு" என்று எழுதினால்தான் அது ஒரு வேலை. செவ்வாய்க்கிழமை இரவு களைத்துப்போய் நோட்டைத் திறக்கும் ஆளுக்கு யோசிக்கிற வேலை எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தால் போதும் என்கிற நிலையில் இருக்க வேண்டும்.

உங்கள் வாரம் எப்படிப் போகிறது என்று எழுதுங்கள். அட்டவணைப் படம் வேண்டாம், எப்படி முடிவு செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

நெல்லைத்தம்பி

அண்ணா, நான் வேலைக்குப் போகவில்லை, முழு நேரமும் படிப்புதான். ஆனாலும் எனக்கும் இதே நிலைதான். நாள் முழுக்க நேரம் இருக்கிறது, வாரக் கடைசியில் பார்த்தால் எதுவும் நகர்ந்த மாதிரி இல்லை. முழு நேரக்காரனுக்கும் இந்த "அடித்துவிடும்" முறை பொருந்துமா?

சிவப்புமை

திட்டம் போடுவதே பாதி நேரத்தைத் தின்றுவிடும் என்பது என் கருத்து. கூட இருந்த எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். நான்கு கலர் பேனா, ஸ்கெட்ச், சார்ட் பேப்பர், எல்லாம் அழகாக இருக்கும். அதைப் போட்டு முடித்த திருப்தியில் அன்றைக்குப் படிப்பு நடக்காது. புத்தகத்தை எடுத்து உட்கார்ந்து படித்தால் போதும். சமச்சீர் புத்தகம் ஆறிலிருந்து பத்து வரை வரிசையாக முடித்தால் எல்லாம் தானாக வரும். இதற்கு எதற்கு வாரத் திட்டம்?

கரூர்_கணக்கர்

சிவப்புமை சொல்வதில் உண்மை இருக்கிறது. அதனால்தான் ஒரு பக்கம், ஒரு பேனா, 20 நிமிடம் என்று வரம்பு வைத்தேன். கலர் பேனா எடுத்தால் அது வேறு வேலை.

ஆனால் "வரிசையாக முடித்தால் போதும்" என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. குரூப் 4-இல் 200 கேள்வி, அதில் 100 தமிழ். தமிழில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். மீதி 100-இல் 75 பொது அறிவு, 25 திறனறிவு. வரிசையாகப் போகிறவர் மூன்று மாதம் சமூக அறிவியலிலேயே இருப்பார். அதற்குள் தமிழில் படித்த இயல்களெல்லாம் மறந்திருக்கும், கணக்கில் கை வேகம் போயிருக்கும். ஒவ்வொரு வாரத்திலும் மூன்றும் கொஞ்சம் கொஞ்சமாவது இருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ளத்தான் அந்த ஒரு பக்கம்.

நெல்லைத்தம்பி, உங்களுக்கு அடிப்பதற்கு எதுவும் இல்லாததுதான் சிக்கல் என்று தோன்றுகிறது. முதலில் சில முளைகளை அடித்துக்கொள்ளுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் இருக்கிறது, இலவச வகுப்பு. வகுப்பு நாள் தெரிந்தால் வாரத்தில் சில இடங்கள் உறுதியாகிவிடும். நூலகத்துக்குப் போகும் நேரத்தையும் அப்படி உறுதியாக்குங்கள். மீதியை அந்த முளைகளுக்கு நடுவில் கட்டலாம்.

மலைக்கோட்டை_நர்ஸ்

நான் திருச்சியில் தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். காலை ஷிஃப்ட், மதிய ஷிஃப்ட், இரவு ஷிஃப்ட் என்று மாறிக்கொண்டே இருக்கும். ஞாயிறு எனக்கு விடுமுறை என்பது எப்போதாவதுதான். இங்கே எல்லோரும் ஞாயிறு, ஞாயிறு என்று சொல்வதைப் பார்க்கும்போது இது நமக்கில்லை என்று தோன்றிவிடுகிறது. இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்து எழுந்தால் மதியம் 2 மணி. தலை பாரமாக இருக்கும். அப்போது சதவீதக் கணக்கு போட முடியுமா?

கரூர்_கணக்கர்

சிஸ்டர், உங்கள் வாரம் ஞாயிறில் தொடங்க வேண்டியதே இல்லை. டூட்டி ரோஸ்டர் எந்த நாளில் ஒட்டுவார்களோ அந்த நாள்தான் உங்கள் திட்ட நாள். ரோஸ்டரைப் பார்த்தபடியே அடித்துக்கொண்டு போகலாம்.

இன்னொன்று. எல்லா மணி நேரமும் ஒன்றில்லை. நான் "தெளிந்த மணி", "களைத்த மணி" என்று பிரித்துக்கொள்கிறேன். காலை 5லிருந்து 7 வரை எனக்குத் தெளிந்த மணி. திறனறிவு, அரசியலமைப்பு மாதிரி புதிதாகப் புரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் அங்கே. இரவு 9க்கு மேல் களைத்த மணி. நூல், நூலாசிரியர், அடைமொழி, பிரித்தெழுதுக, ஏற்கெனவே படித்ததை ஒருமுறை புரட்டுவது, நடப்பு நிகழ்வுகள் எல்லாம் அதற்குப் போதும். உங்களுக்கு இரவு ஷிஃப்ட் வாரம் முழுக்கக் களைத்த மணிதான் என்றால் அந்த வாரத்துக்குப் புதுப் பாடம் எழுதவே எழுதாதீர்கள், பழையதைத் திருப்பிப் பார்ப்பது மட்டும். காலை ஷிஃப்ட் வாரத்தில் சாயங்காலம் புதுப் பாடத்தை வையுங்கள்.

மலைக்கோட்டை_நர்ஸ்

இரவு ஷிஃப்ட் வாரம் திருப்புதல் வாரம். இது எனக்கு உடனே பிடித்துப்போய்விட்டது. இதுவரை அந்த வாரத்திலும் மற்ற வாரம் மாதிரியே எழுதிவைத்தேன், எப்படி நடக்கும்?

தறிநகர்_டீச்சர்

நான் தனியார் பள்ளியில் ஆசிரியை. வாரத் திட்டம் எங்களுக்குப் புதிதில்லை, பாடக் குறிப்பேடு எழுதித்தான் வகுப்புக்குப் போக வேண்டும். இந்த வாரம் எந்தப் பாடம், எத்தனை பீரியட், கற்றல் விளைவு என்ன, என்ன மதிப்பீடு என்று அதில் இருக்கும். அதில் எனக்கு மிகவும் உதவியாக இருப்பது மதிப்பீடு என்ற கட்டம்தான். பாடம் நடத்தினால் போதாது, பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்தாக வேண்டும். படிப்பவர்களின் வாரத் திட்டத்தில் பெரும்பாலும் அந்தக் கட்டம் இருப்பதே இல்லை. "படித்தேன்" என்று டிக் அடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இதற்கு ஓர் ஆய்வு இருக்கிறது. 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களிடம் செய்தது. இரண்டு பகுதிகளைக் கொடுத்து, ஒன்றை மறுபடியும் படிக்கச் சொன்னார்கள். மற்றொன்றைப் படித்ததும் மூடிவைத்துவிட்டு நினைவில் இருப்பதை எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்த பகுதிதான் மேல். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழ்: மூடிவைத்து எழுதிய பகுதியில் 56 விழுக்காடு நினைவில் இருந்தது, மறுபடி படித்த பகுதியில் 42. ஒரு வாரம் என்பதைக் கவனியுங்கள். நம் திட்டத்தின் அளவும் அதுதான். வாரக் கடைசியில் ஒரு சின்னத் தேர்வு இல்லாத வாரத் திட்டத்தை நான் திட்டம் என்றே ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சிவப்புமை

டீச்சர், இதை ஒப்புக்கொள்கிறேன். தேர்வு எழுதிப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் 3 மணி நேரம் முழுத் தேர்வு வாரா வாரம் எழுதினால் படிப்பதற்கு எங்கே நேரம்?

தறிநகர்_டீச்சர்

முழுத் தேர்வு வேண்டாம், சின்னது போதும். உண்மையான தேர்வில் 200 கேள்விக்கு 3 மணி நேரம். ஒரு கேள்விக்கு 54 விநாடி. அதே வேகத்தில் 50 கேள்வி என்றால் சரியாக 45 நிமிடம். 25 தமிழ், மீதி 25 பொது அறிவும் கணக்கும். அந்த வாரம் படித்ததிலிருந்து பாதி, பழைய வாரங்களிலிருந்து பாதி. ஓ.எம்.ஆர். தாள் ஒன்றை அச்செடுத்துக் கறுப்புப் பேனாவால் நிரப்பிப் பழகினால் அதுவும் பயிற்சி. முழுத் தேர்வை மாதத்துக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

தர்மபுரி_அம்மா

டீச்சருக்கும் அண்ணாவுக்கும் வணக்கம். இந்த இழையை நேற்றிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு இரண்டு பிள்ளைகள், ஒன்று பள்ளிக்கூடம் போகிறது, ஒன்று இன்னும் கைக்குழந்தை. வீட்டில் மாமியாரும் இருக்கிறார். நீங்கள் சொல்வதெல்லாம் "காலை 5லிருந்து 7 வரை" என்று முழுத் துண்டாக நேரம் இருப்பவர்களுக்கு. எனக்கு அப்படி ஒரு துண்டு எங்கேயும் இல்லை. காலையில் எழுந்தால் சமையல், டிபன் பாக்ஸ், பள்ளி வேன். அப்புறம் குழந்தை. வெள்ளிக்கிழமை வீடு கழுவ வேண்டும். தண்ணீர் வருகிற நாளில் பிடித்து வைக்க வேண்டும். குழந்தை தூங்கினால் 20 நிமிடம் கிடைக்கும், சில நாள் அரை மணி. எப்போது தூங்கும் என்று எனக்கும் தெரியாது, குழந்தைக்கும் தெரியாது. இதில் எதை அடிப்பது, எதை எழுதுவது?

தறிநகர்_டீச்சர்

தங்கச்சி, உங்கள் வாரத்தை மணிக்கணக்கில் எழுதாதீர்கள். துண்டுக் கணக்கில் எழுதுங்கள். 20 நிமிடத்தில் முடியக்கூடிய வேலைகளாக ஒரு பட்டியல்: ஒரு செய்யுளும் அதன் ஆசிரியர் குறிப்பும். திருக்குறளில் ஓர் அதிகாரம். தனிவட்டியில் ஐந்து கணக்கு. அடிப்படை உரிமைகள் பகுதியில் இரண்டு பக்கம். இப்படி அந்த வாரத்துக்கு 12 துண்டு எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள். எந்த நாள், எந்த நேரம் என்று எழுத வேண்டாம். குழந்தை தூங்கியதும் மேலே இருக்கும் துண்டை எடுங்கள். முடிந்தால் ஒரு கோடு. இரண்டு துண்டு முடிந்த நாளும் இருக்கும், ஒன்றும் முடியாத நாளும் இருக்கும். வாரத்துக்கு 12 என்பதுதான் கணக்கு.

புத்தகம் அந்த இடத்தில் திறந்தே இருக்கட்டும். 20 நிமிடத்தில் 5 நிமிடம் தேடுவதில் போகக் கூடாது. பாடநூல் கழகத்தின் தளத்திலேயே எல்லாப் புத்தகமும் இலவசமாக இருக்கின்றன. அந்த வாரத்துக்கான பாடங்களை மட்டும் போனில் இறக்கி வைத்துக்கொண்டால் குழந்தை மடியில் தூங்கும்போதும் படிக்கலாம்.

மலைக்கோட்டை_நர்ஸ்

அக்கா, இன்னொன்றும் சொல்ல வேண்டும். துண்டு நேரத்தில் படிக்கலாம், ஆனால் அந்த 45 நிமிடத் தேர்வைத் துண்டு துண்டாக எழுத முடியாது. அதற்கு வீட்டில் யாராவது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் வார்டில் டூட்டி மாற்றிக்கொள்ள வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுவோம். அதே மாதிரி வீட்டிலும் திட்ட நாளிலேயே சொல்லிவிட வேண்டும்: "ஞாயிறு காலை 10லிருந்து 11 வரை எனக்குத் தேர்வு, பிள்ளைகள் உங்களோடு." அந்த நேரத்தில் போய்க் கேட்டால் அவருக்கும் ஏதாவது வேலை இருக்கும்.

கரூர்_கணக்கர்

இதை ஆண்கள் எல்லோரும் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நான் காலை 5லிருந்து 7 வரை படிக்கிறேன் என்றால் அந்த நேரத்தில் அடுப்படியில் வேறு ஒருவர் நிற்கிறார் என்று அர்த்தம். எங்கள் வீட்டில் இப்போது அந்தப் பக்கத்தை இரண்டு பேரும் உட்கார்ந்துதான் எழுதுகிறோம். மனைவியின் தையல் ஆர்டர் எந்த நாளில் கொடுக்க வேண்டும் என்பதும் அதே பக்கத்தில் இருக்கும். அன்றைக்கு இரவுச் சமையல் என்னுடையது, என் படிப்பு நேரத்தை அடித்துவிடுவேன். ஒருவருடைய திட்டம் இன்னொருவருடைய நேரத்தைத் தின்று நடந்தால் அது ரொம்ப நாள் ஓடாது.

தர்மபுரி அம்மா, வாரத்துக்கு 12 துண்டு குறைவு என்று நினைக்காதீர்கள். கூட்டிப் பார்த்தால் 4 மணி நேரம். வேலைக்குப் போகிற பலருக்கே அதற்கு மேல் உருப்படியாக நடப்பதில்லை.

தர்மபுரி_அம்மா

12 துண்டு எழுதிவிட்டேன். முதல் துண்டு 6ஆம் வகுப்புத் தமிழ். வீட்டுக்காரரிடம் ஞாயிற்றுக்கிழமை பற்றியும் பேசிவிட்டேன். சரி என்று சொல்லியிருக்கிறார்.

சென்னை_கோடர்

நான் ஐடியில் இருக்கிறேன், தேர்வு எழுதுவது என் தம்பி. அவனுக்காகப் படிக்க வந்தேன். யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். எவ்வளவு நேரம் ஆகும் என்று நாம் போடும் கணக்கு எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். இது சோம்பேறித்தனம் இல்லை, மனித மனதின் பழக்கம். கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பிறகு 1994-இல் கனடாவில் பட்ட ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் "எத்தனை நாளில் முடிப்பீர்கள்" என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்று சொன்னார்கள். ஆனது 55 நாளுக்கு மேல். சொன்ன நாளுக்குள் முடித்தவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

எங்கள் வேலையிலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இப்படித் திட்டம் போடுவோம். நாங்கள் கற்றுக்கொண்டது: எவ்வளவு ஆகும் என்று யோசிக்காதே, போன முறை எவ்வளவு ஆனது என்று பார். தம்பியிடமும் அதைத்தான் சொன்னேன். "ஒரு இயல் ஒன்றரை மணி நேரம்" என்று எழுதியிருந்தான். போன இயல் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டேன், மூன்று மணி நேரம். அப்போது இந்த இயலுக்கும் மூன்று மணி நேரம்தான்.

ஆப் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: கூகுள் காலண்டரே போதும், அதுவும் தேர்வு நேரம், வகுப்பு நேரம் மாதிரி மாறாதவற்றுக்கு மட்டும். மீதிக்கு நோட்டுதான் நல்லது. போனைக் கையில் எடுத்தால் வாட்ஸ்அப்பும் கூடவே திறந்துகொள்ளும்.

நெல்லைத்தம்பி

போன முறை எவ்வளவு ஆனது என்று எழுதிவைக்கும் பழக்கமே எனக்கு இல்லை. இந்த வாரத்திலிருந்து ஒவ்வொரு பாடத்துக்கும் பக்கத்தில் தொடங்கிய நேரம், முடித்த நேரம் இரண்டையும் எழுதுகிறேன்.

பயிலும் வட்டத்தில் விசாரித்தேன் அண்ணா. பெயர் கொடுத்துவிட்டேன்.

தாலுகா_இளநிலை

நான் குரூப் 4 மூலமாகத்தான் வந்தேன், இப்போது ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். படித்த காலத்தில் வாரத் திட்டம் வைத்திருந்தேன், இப்போதும் வைத்திருக்கிறேன். அதனால் நிலுவை பற்றி மட்டும் எழுதுகிறேன், இங்கே இன்னும் யாரும் தொடவில்லை.

அலுவலகத்தில் எங்களுக்குத் தன்பதிவேடு என்று ஒன்று உண்டு. எனக்கு வரும் ஒவ்வொரு தபாலுக்கும் அதில் எண் போட்டுப் பதிய வேண்டும். என்ன நடவடிக்கை எடுத்தேன், எந்தத் தேதியில், இப்போது யாரிடம் இருக்கிறது என்று பக்கத்திலேயே எழுத வேண்டும். மேலதிகாரி குறித்த இடைவெளியில் வாங்கிப் பார்ப்பார். முடியாதது முடியாதது என்றே கண்ணுக்குத் தெரியும். மறைந்துபோக வழியில்லை.

படிப்பில் நடப்பது வேறு. இந்த வாரம் ஆறு வேலை எழுதினோம், நான்கு முடிந்தது. மீதி இரண்டை அடுத்த வாரத்தில் சேர்த்து எட்டு எழுதுகிறோம். அதில் நான்கு முடியும், மீதி நான்கு. மூன்றாவது வாரம் பத்து. நான்காவது வாரம் நோட்டைத் திறக்கவே பயமாக இருக்கும். வாரத் திட்டத்தைக் கைவிடுபவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள் என்பது நான் பார்த்தது. சோம்பலால் விட்டவர்களைவிடப் பாக்கி ஏறி விட்டவர்கள் அதிகம்.

என் விதி இது. முடியாதவற்றில் ஒன்றே ஒன்றுதான் அடுத்த வாரத்துக்குப் போகும். மற்றதெல்லாம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் "நிலுவை" என்று தலைப்புப் போட்டுத் தேதியோடு பதிய வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பக்கத்தைப் பார்த்து, எது உண்மையில் தேவை, எதை விட்டுவிடலாம் என்று முடிவு செய்தால் போதும். அடுத்த வாரம் எப்போதும் சுத்தமான பக்கத்தில் தொடங்கும். ஆனால் எதுவும் தொலைந்தும் போகாது.

இரண்டாவது விதி: வாரத்தில் ஓர் இரவைக் காலியாக விட்டுவிட வேண்டும். எனக்கு அது வியாழன். அதில் எதுவும் எழுத மாட்டேன். திங்கள், செவ்வாயில் விட்டுப்போனது அங்கே வந்து உட்காரும். எதுவும் விடுபடவில்லை என்றால் அன்றைக்குச் சீக்கிரம் தூங்கிவிடுவேன். கிராமக் கணக்குகளைச் சரிபார்க்கும் ஜமாபந்தி நேரத்தில் மே, ஜூனில் இரண்டு இரவு காலியாக விடுவேன். அந்த வாரங்களில் அலுவலகத்தில் எது எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

சென்னை_கோடர்

காலி இரவு என்பது நான் கடைசியில் சொல்ல நினைத்து விட்டது. கணக்கு எப்படியும் தவறும் என்று தெரிந்தால், தவறுவதற்கும் ஓர் இடம் வைத்துவிட வேண்டும்.

சிவப்புமை

சார், ஒரு கேள்வி. ஞாயிறு முழுக்க ஓய்வா, தேர்வா? என் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தைத் தொடவே மாட்டார், அவரும் தேர்ச்சி பெற்றார். வாரம் ஆறு நாள் வேலை, ஆறு இரவு படிப்பு, ஏழாவது நாளும் தேர்வு, திட்டம் என்றால் மனிதனுக்கு மூச்சு விட நேரம் வேண்டாமா?

தாலுகா_இளநிலை

வேண்டும். என்னைக் கேட்டால் ஞாயிறு காலை தேர்வு, திருத்தம், அத்தோடு சரி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு புத்தகம் கிடையாது. சாயங்காலம் அந்த 20 நிமிடம் மட்டும்.

தறிநகர்_டீச்சர்

இதில் நான் சிவப்புமை பக்கம். நான் தேர்வைச் சனிக்கிழமை மதியம் வைத்துவிட்டு ஞாயிறை முழுதாக விட்டுவிடச் சொல்வேன். பிள்ளைகளோடு இருக்க ஒரு நாள் வேண்டும். கரூர் அண்ணனுக்குச் சனிக்கிழமை கூலி நாள் என்பதால் அவருக்குப் பொருந்தாது, தெரியும்.

கரூர்_கணக்கர்

ஆமாம் டீச்சர், எனக்குச் சனிக்கிழமை முடியாது. அவரவர் வேலையைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

திருத்தம் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சேர்க்கிறேன். மதிப்பெண்ணை மட்டும் எழுதிவைத்தால் திட்டத்துக்கு உதவாது. தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதுகிறேன்: படிக்கவில்லை, படித்தும் மறந்தது, தெரிந்தும் அவசரத்தில் தவறியது. இந்த மூன்றுக்கும் அடுத்த வாரத்தில் செய்ய வேண்டியது வேறு வேறு. படிக்காதது என்றால் தெளிந்த மணியில் ஓர் இடம் கொடுக்க வேண்டும். மறந்தது என்றால் களைத்த மணியில் திருப்பினால் போதும். அவசரம் என்றால் புதிதாகப் படிக்க எதுவும் இல்லை, அடுத்த தேர்வில் கேள்வியை முழுதாக வாசிக்கப் பழக வேண்டும், "பொருந்தாததைத் தேர்ந்தெடு" மாதிரியான கேள்விகளில் குறிப்பாக. வரும் வாரத்தின் பக்கம் பாதி இதிலிருந்தே எழுதப்பட்டுவிடும்.

மலைக்கோட்டை_நர்ஸ்

எனக்கு வியாழக்கிழமை அடுத்த ரோஸ்டர் வருகிறது. இரவு ஷிஃப்டாக இருந்தால் திருப்புதல் வாரம், மதிய ஷிஃப்டாக இருந்தால் காலையில் கணக்கு. ஒரு சந்தேகம், இளநிலை சார்: நிலுவைப் பக்கத்தில் மாதக் கணக்கில் கிடக்கும் ஒரு பாடத்தை எப்போது விட்டுவிடலாம்? எனக்கு வேதியியல் அப்படிக் கிடக்கிறது.

தாலுகா_இளநிலை

பாடத்திட்டத்தையும் முந்தைய ஆண்டு வினாத்தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் சிஸ்டர். அந்தப் பகுதியிலிருந்து எத்தனை கேள்வி வந்திருக்கிறது, அதைப் படிக்க உங்களுக்கு எத்தனை மணி நேரம் ஆகும், இரண்டையும் எழுதுங்கள். அதே நேரத்தில் தமிழில் எத்தனை கேள்வி கூடுதலாக எடுக்க முடியும் என்பதையும் எழுதுங்கள். செவிலியர் படிப்பு படித்தவருக்கு உயிரியல் கைவசம் இருக்கும், அறிவியலில் அது காப்பாற்றும். வேதியியலில் 6லிருந்து 8 வரை உள்ள பாடங்களை ஓர் இரவு ஷிஃப்ட் வாரத்தில் புரட்டிவிட்டு, அதற்கு மேல் இருப்பதை நிலுவையிலிருந்து அடித்துவிடலாம். அடிக்கும்போது தேதி போட்டு அடியுங்கள். மறுபடி அதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

தர்மபுரி_அம்மா

இந்த வாரம் 12-இல் 9 துண்டு முடிந்தது. தேர்வு எழுதினேன், 50-க்கு 27. தமிழில் 17. தவறியதில் பாதிக்கு மேல் கணக்கு, எல்லாம் "படிக்கவில்லை" வகைதான். அதனால் வரும் வாரத்துக்கு 10 துண்டுதான் எழுதியிருக்கிறேன், அதில் நான்கு துண்டு விழுக்காட்டுக் கணக்கு. மீதியில் ஒன்றை மட்டும் கொண்டுவந்தேன், இரண்டு கடைசிப் பக்கத்தில் இருக்கின்றன. டீச்சர், விழுக்காட்டுக்கு 7ஆம் வகுப்புப் புத்தகத்தில் தொடங்கலாமா, 8-இல் தொடங்கலாமா?

தறிநகர்_டீச்சர்

7-இல் தொடங்குங்கள். அதில் எடுத்துக்காட்டுக் கணக்குகளை விடையை மூடிக்கொண்டு போடுங்கள், அப்புறம் பயிற்சி. தடையில்லாமல் வந்தால் 8-இல் இலாபம், நட்டம், தள்ளுபடிக்குப் போகலாம்.